கல்லறைத் தோட்டத்து நரி

அத்தியாயம் பதினான்கு

சவரிநாதன் எதையும் முடித்துவிட்டுத்தான் வெளியே சொல்லுவார். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து விழுந்த தாளை மேலே இருப்பவர்கள் படித்துப் பார்க்காமலே நகர்த்துவார்கள் என்று பெயர். அப்பேர்ப்பட்ட மனிதர், இன்னும் முடியாத ஒரு காரியத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்.

மகள் ஆன்லின் எடுத்த நரி படம், சென்னையில் நடக்கும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. காரைக்காலிலிருந்து ஒரு பெண், அதுவும் நம் கோயில் பெண்.

பூசை முடிந்து வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவராகச் சொன்னார். பங்குச் சாமியாரிடம் சொன்னார். பாடகர் குழுவை நடத்தும் ஞானசௌந்தரியைக் கூப்பிட்டு, படம் எந்த இணையப் பக்கத்தில் வெளியாகும் என்பதைச் சொல்லி, எல்லாருக்கும் அனுப்பிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

படத்தை அவர் பார்த்திருக்கவில்லை. முடிவு வரட்டும், அப்புறம் காட்டுகிறேன் என்று மகள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். நரி என்றால் நரிதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

அவர் அப்படி வாய் திறந்து பெருமை பேசியதற்குக் காரணம் இருந்தது. மகன் சார்லஸ் டெங்குக் காய்ச்சலில் போய் வருஷம் திரும்பிவிட்டது. அதிலிருந்து அந்த வீட்டைப் பற்றி யார் பேசினாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். கறிக்கடையில் அவருக்கு முதலில் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். சவரிநாதனுக்கு மரியாதை தெரியும். இது மரியாதை இல்லை என்பதும் தெரியும். ஊர் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதை நிறுத்த ஒரு நல்ல செய்தி அவருக்கு வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் அவர் சார்லஸின் பெயரைச் சொல்வதில்லை. அடக்கம் முடிந்து திரும்பிய அன்றோடு நிறுத்தியவர்தான். மனைவி அற்புதம் அதற்கு நேர்மாறாக, படுத்த பாயிலேயே மகன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கிடந்தாள். கஞ்சியைக் கூட வாயில் வாங்கவில்லை. இரண்டாவது அடக்கத்துக்கும் ஆள் சொல்லி வைக்க வேண்டியதுதான் என்று அக்கம்பக்கம் முடிவு கட்டியிருந்த சமயத்தில், ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து குளித்து முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்குக் கிளம்பினாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. மெல்ல மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். பேச ஆரம்பித்தாள். பூசைதான் அவளைக் காப்பாற்றியது என்று சவரிநாதன் நம்பினார். கோயில் காரியங்களைப் பேசும் பங்குப் பேரவையில் அதைச் சொல்லியும் இருக்கிறார்.

புதன்கிழமை காலை. அற்புதம் பூசையிலிருந்து திரும்பி, அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். ஏதோ ஒரு மாதா பாட்டை மூக்கால் முனகிக்கொண்டிருந்தாள். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு எழுந்தவருக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. ஆன்லின்தான்.

ஸ்டூடியோ வரைக்கும் வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டாள்.

"படம் காட்டப் போறியா?"

"ஆமாப்பா. நீங்க மட்டும் வாங்க. அம்மாவ அழச்சிக்கிட்டு வராதீங்க."

தாய்க்கு ஏதோ ஆச்சரியம் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தேய்த்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு தருமபுரத்து வீட்டிலிருந்து நடந்தே போனார். வழியில் பழைய சிநேகிதர் மீரா சாகிப் திருமலைராயன்பட்டினம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். மாஷா அல்லாஹ், கேள்விப்பட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒருவர் தன்னிடம் குரலைத் தாழ்த்தாமல் பேசியதில் சவரிநாதனுக்கு முதுகு இன்னும் நிமிர்ந்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்தது ஸ்டூடியோ. கல்யாணப் படங்களில் மணப்பெண்ணின் முகத்தை வெளுக்க வைப்பதும் மாப்பிள்ளையின் தொந்தியைக் குறைப்பதும்தான் அங்கே ஆன்லினின் வேலை. அதை அவள் வாயாலேயே சொல்லிச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. ஏசி அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒக்காருங்கப்பா."

"நின்னுக்கிட்டே பாக்குறேன். போடு."

பெரிய திரையில் படம் வந்தது.

விடியலுக்கு முந்தைய நீலம். பின்னால் சவுக்குத் தோப்பு, அதன் மேல் பால் போலப் பனி. நடுவில் ஒரு வெள்ளைக் கல். கல்லின் மேல் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து ஒரு நரி நிற்கிறது. தலை ஒரு தட்டின் மேல் குனிந்திருக்க, கண் மட்டும் நிமிர்ந்து நேராகப் பார்க்கிறது. பக்கத்தில் எரியும் மெழுகுவத்தியின் சுடர் அந்தக் கண்ணுக்குள் சின்னதாக, இன்னொரு சுடராக நிற்கிறது.

நல்ல படம். படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத சவரிநாதனுக்கே அது தெரிந்தது.

பிறகு கல்லுக்குத் தலைமாட்டில் இருந்த சிலுவையைப் பார்த்தார். அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார். ச. சார்லஸ். எழுத்துகளின் அளவை அவரே சொல்லிச் செய்வித்த கல்.

"இது யாரு கல்லற?" தெரிந்துகொண்டே கேட்டார்.

"அண்ணனோடதுதான்ப்பா."

அவர் கத்தவில்லை. கத்துகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"நம்ம வூட்டுக் கல்லற மேல நரி ஏறி நிக்கிறத மெட்ராஸ்காரன் பாத்து ரசிக்கணும். அதுக்குத்தான் உன்ன படிக்க வச்சனா?"

ஆன்லின் படத்தைப் பெரிதாக்கினாள். நரி, சிலுவை, மெழுகுவத்தி எல்லாம் ஓரத்துக்குப் போய், நரியின் மூக்குக்குக் கீழே இருந்த தட்டு மட்டும் திரை முழுக்க வந்தது.

"தட்டப் பாருங்கப்பா."

நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு. பாரீஸிலிருந்து வந்த சித்தப்பா, சார்லஸ் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளுக்குப் பரிசாகக் கொடுத்தது. வளர்ந்து ஆளான பிறகும் அதில் போட்டால்தான் அவன் சாப்பிடுவான். அடக்கம் முடிந்த வாரத்தில், அதைக் கண்ணில் படாத இடத்தில் வை என்று அவர்தான் அற்புதத்திடம் சொன்னார். அவள் வைத்திருக்கிறாள், அவர் கண்ணில் படாத இடத்தில்.

சவரிநாதன் இப்போது உட்கார்ந்தார்.

ஆன்லின் நடந்ததைச் சொன்னாள். சவுக்குத் தோப்பில் நரி நடமாட்டம் இருப்பது அவளுக்கு முன்பே தெரியும். மழைக்காலம் முழுக்க விடியற்காலையில் போய், கல்லறைத் தோட்டத்தின் இடிந்த மதிலுக்குப் பின்னால் காமிராவோடு காத்திருந்தாள். ஒரு நாள் நரிக்கு முன்னால் ஒரு முக்காடு வந்தது. அம்மா. கல்லறை மேல் தட்டை வைத்தாள். மெழுகுவத்தி ஏற்றினாள். முழங்காலில் நின்று செபமாலை சொன்னாள். எழுந்து பூசைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் தோப்புக்குள்ளிருந்து நரி வந்தது, தினமும் வருகிற பழக்கத்தோடு, அவசரமில்லாமல்.

"பூச முடிஞ்சி அம்மா திரும்பி வந்தாங்க. தட்டு கழுவி வச்ச மாதிரி இருந்திச்சு. அத எடுத்து முத்தம் குடுத்தாங்கப்பா. அண்ணந்தான் சாப்பிடுதுன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க."

"நீ சொல்லல."

"எப்புடிப்பா சொல்றது?"

"சொல்ல முடியல. படம் புடிக்க மட்டும் முடிஞ்சிதாக்கும்."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் மேசையில் இருந்த யாரோ ஒரு மணப்பெண்ணின் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, கை தானாக அழுத்திவிட்டது, அனுப்பக்கூடாது என்றுதான் இருந்தேன், அப்படி ஒரு படம் எனக்கு இன்னொரு தடவை கிடைக்காது என்று தெரிந்ததும் அனுப்பிவிட்டேன் என்றாள். அதில் பொய் இல்லை. 

ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. போட்டியை நடத்தும் மதியழகன் காலையில் சென்னையிலிருந்து கூப்பிட்டிருந்தார். தீனி வைத்து விலங்கை வரவழைத்து எடுத்த படம் போட்டியில் செல்லாது. இந்தப் படத்தில் தட்டு இருக்கிறது. நரிக்காக வைத்தது இல்லை, செத்தவருக்கு வைத்தது என்றால் நடுவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதை வைத்தவரே தன் வாயால் சொல்ல வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

தேர்வானால் மேற்குத் தொடர்ச்சி மலையில் வனவிலங்குப் படக்குழுவோடு ஒரு வருஷ வேலை. தொந்தி குறைக்கும் வேலையிலிருந்து விடுதலை. அதற்குமேல் அவள் விளக்கவில்லை.

"அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்ப்பா. என்னைக்காவது ஒரு நாளு தெரியத்தானே போவுது."

"நீ சொல்ல வேணாம்." சவரிநாதன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நான் சொல்லிக்கிறேன்."

படியிறங்கும்போதே அவருக்கு உள்ளுக்குள் கொதிக்க ஆரம்பித்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் யாரும் சோறு கொண்டுவந்து வைக்கக் கூடாது என்று பலகை மாட்டச் செய்தவரே அவர்தான். மரித்தவர்களுக்கு வேண்டியது செபம், சோறு இல்லை, சோறு வைத்தால் நாய்தான் வரும் என்று பேரவையில் எழுந்து நின்று பேசி, தீர்மானம் கொண்டுவந்து, முனகியவர்களின் வாயை அடைத்தவர். வரிச்சிக்குடியிலிருந்து வந்த ஒரு விதவை ஆப்பத்தைத் துணியில் மறைத்துக் கொண்டுவந்தபோது, அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தித் திருப்பி அனுப்பியவரும் அவரே. அந்தக் கேட்டுக்குள் இத்தனை நாளாக முதலில் நுழைந்தது அவர் பெண்டாட்டி.

நேராக வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கால் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்தது.

உச்சி வெயில். மணலில் செருப்புச் சுட்டது. வாசலில் அவர் மாட்டிய பலகை எழுத்து மங்காமல் இருந்தது. சார்லஸின் கல்லுக்குப் போனார். அடக்கத்துக்கும் வருஷத் திதிப் பூசைக்கும் தவிர அவர் அங்கே வந்ததில்லை. கல் மேல் மெழுகு உருகி உருகித் தடித்துப்போயிருந்தது. இவ்வளவு மெழுகு ஒரு நாளில் சேர்ந்ததில்லை. அதற்குப் பக்கத்தில் சேறு காய்ந்த பாதத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக.

சவரிநாதன் சுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குனிந்து தடங்களைத் துடைத்தார். காய்ந்த சேறு லேசில் விடவில்லை. தண்ணீர்க் குழாயில் துண்டை நனைத்துக்கொண்டு வந்து மறுபடி துடைத்தார். கல் வெள்ளையான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். நாளை விடிந்தால் மறுபடி அது வரும் என்பது உறைத்ததும் நிறுத்தினார்.

திரும்பும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தார். உன் மகன் சாப்பிடவில்லை, நரி சாப்பிடுகிறது. இதோடு நிறுத்து. சென்னைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடு, அதுவாவது பெண்ணுக்கு உதவட்டும். பேரவையில் தெரிவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். நாலு வார்த்தை. அலுவலகத்தில் இதைவிடக் கடினமான செய்திகளை எதிரில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லக் கூடாது என்று விட்டார். அவள் கண்ணயர்ந்தபோது எழுப்பக் கூடாது என்று விட்டார். வெயில் தாழ்ந்து, அவள் கூடத்தில் முறத்தைப் போட்டுக்கொண்டு கருவாட்டுக்குத் தலை கிள்ள உட்கார்ந்த பிறகுதான் எதிர் நாற்காலியில் வந்து அமர்ந்தார்.

"அற்புதம்."

"என்னங்க."

"சார்லஸ்..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. அந்தப் பெயர் நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவு போல ஒரு சத்தத்தோடு திறந்துகொண்டு, அவரையே அதற்குள் தள்ளிவிட்டது.

அற்புதத்தின் கை அப்படியே நின்றது. தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மகன் பெயரைப் புருஷன் வாயால் கேட்டு எவ்வளவு காலம். கண் நிறைந்து வழிய, அதைத் துடைக்காமலே முறத்தை ஒதுக்கிவிட்டு நகர்ந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கும் அவன் நெனப்பாத்தான் இருக்கா? நான்தான் ஒத்தையில கெடந்து சாவுறேன்னு நெனச்சேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"கோவிச்சிக்காதீங்க. ஒங்ககிட்ட மறச்சி ஒண்ணு செஞ்சிக்கிட்டிருக்கேன். நீங்க வேணாம்னு பலகையே மாட்டிட்டீங்க. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

சொன்னாள். தட்டைப் பற்றிச் சொன்னாள். விடியலில் போவதைச் சொன்னாள். வீட்டுத் தலைவருக்கு அடங்காத குற்றம் ஒரு பக்கம், அதைச் சொல்லிவிட்ட நிம்மதி ஒரு பக்கம். கல்யாணமான புதிதில் அவளிடம் இருந்த ஒரு முகம் திரும்ப வந்திருந்தது.

"என்ன வப்பே?" என்று கேட்டார். கேட்க நினைத்தது அது இல்லை.

"பழய சோறும் சுட்ட கருவாடும்தான். வேறென்ன. ஆஸ்பத்திரில கடசியா அதத்தானே கேட்டான். காச்சக்காரனுக்கு அதெல்லாம் ஆவாதுன்னு நீங்க சொன்னீங்க. நானும் குடுக்கல. கேட்டுக்கிட்டே போய்ட்டான்."

சவரிநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிச் சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. சொல்லியிருப்பார். சொல்லக்கூடிய ஆள்தான்.

"ஒரு பருக்க மிச்சம் வக்கிறதில்லங்க. கருவாட்டு முள்ளுகூட கெடக்காது. முள்ள எங்கடா போட்டேன்னு கல்லுக்கு அந்தாண்ட எல்லாம் தேடியிருக்கேன்." சிரித்தாள். சிரிப்போடு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "மொத மொத அந்தத் தட்டு காலியா இருந்திச்சே, அன்னைக்குத்தான் எனக்குப் பசின்னு ஒண்ணு தெரிஞ்சிது. வூட்டுக்கு வந்து சாப்புட்டேன். அதுக்கு முன்னாடி எனக்கும் போயிடணும்ன்னுதான் இருந்திச்சு."

 தெருவில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

அவர் அடுக்கி வைத்திருந்த நாலு வார்த்தையும் அங்கேதான் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். எதைச் சொன்னாலும் அவள் மறுபடி அந்தப் பாயில் போய்ப் படுத்துவிடுவாள். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாள்.

"நாளைக்கு நீங்களும் வாங்களேன்," என்றாள் அற்புதம். "நீங்க ஒரு நாளு வந்தா அவன் கோவம் தீந்துடும்."

"வர்றேன்," என்றார் சவரிநாதன்.

கொல்லைப் பக்கம் போனபோது கிணற்றடியில் ஆன்லின் நின்றிருந்தாள். நேரத்தோடு ஸ்டூடியோவிலிருந்து வந்துவிட்டிருந்தாள். பின்வாசல் வழியாக வந்தவள் உள்ளே வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும், எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்று தெரிந்தது.

"நீங்க சொல்லலப்பா."

"இல்ல."

"நானும் சொல்ல மாட்டேன்."

 யோசித்துச் செய், உன் வேலை விஷயம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு தகப்பன் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவள் யோசித்து வேறு முடிவுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. தன் பயத்தைக் கண்டு தானே கூசிப் போய் நின்றார்.

ஆன்லின் அவருக்கு அந்தச் சங்கடத்தை வைக்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு தென்னை மரத்தடிக்குப் போனாள். மதியழகனிடம் படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லுவது இங்கே வரை கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஏதோ நிறையச் சொல்லியிருக்க வேண்டும். இவள், இல்ல சார், தெரியும் சார், பரவால்ல சார் என்றே திருப்பித் திருப்பிச் சொன்னாள். முடித்துவிட்டும் உடனே வரவில்லை. மரத்தில் கை வைத்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லச் சவரிநாதன் தேடினார். அவருக்குத் தெரிந்த வார்த்தைகளில் அது இல்லை.

திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"எடுத்துடறேன்னு சொல்லிட்டாருப்பா."

"சரிம்மா. நல்லது."

"நல்லது இல்லப்பா. இறுதிச் சுத்துப் படத்தையெல்லாம் இப்பதான் பக்கத்துல ஏத்தி முடிச்சாங்களாம். நம்மளதும் அதுல போயிடுச்சு. எடுக்கக் கொஞ்சம் நேரமாவுமாம். அதுக்குள்ள யாரு பாக்கப் போறாங்க, கவலப்படாதேன்றாரு."

யார் பார்க்கப் போகிறார்கள். சவரிநாதன் கோயில் வாசலை நினைத்தார். தான் நிறுத்தி நிறுத்திச் சொன்ன முகங்களையெல்லாம் நினைத்தார். எந்தப் பக்கம், எப்படித் தேடுவது என்று எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பொழுது சாய்கிற நேரம், எல்லாரும் வீட்டில் கைப்பேசியும் கையுமாக இருக்கிற நேரம்.

முன்பக்கம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா. அற்புதம்க்கா. இருக்கீங்களா?"

ஞானசௌந்தரியின் குரல். பாடிப் பாடிப் பழகிய குரல், கொல்லை வரைக்கும் தெளிவாக வந்தது. சவரிநாதன் இந்த வயதில் ஓடியதில்லை. இன்று கிட்டத்தட்ட ஓடினார். அவர் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் அற்புதம் கருவாட்டுக் கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். வாசற்படியில் இருவரும் தோளோடு தோள் உரச நின்றார்கள்.

"ஆன்லின் படம் வந்துட்டுக்கா. எனக்கு இப்பத்தான் அனுப்புனாங்க. நான் இன்னும் தொறந்துகூட பாக்கல. பெத்தவ நீங்கதான் மொதல்ல பாக்கணும்னு கையோட தூக்கிக்கிட்டு ஓடியாறேன்." அவரைப் பார்த்ததும் ஞானசௌந்தரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வாங்கண்ணே, நீங்களும் வாங்க."

அற்புதம் திரும்பிப் பார்த்தாள். அழுத கண். ஆனாலும் சிரித்த முகம். மகனைப் பற்றிப் புருஷனிடம் வாய்விட்டுப் பேசியாயிற்று. மகள் படம் ஊர் பார்க்க வந்திருக்கிறது. இந்த வீட்டில் அவள் அப்படி நின்று யாரும் பார்த்து வெகு காலமாயிற்று.

"என்னங்க, மாதா சுரூபத்துக்கிட்ட என் கண்ணாடி கெடக்கும். கொஞ்சம் எடுத்தாங்களேன்."

சவரிநாதன் உள்ளே போனார். சுரூபத்தின் பாதத்தில் மடித்து வைத்தபடி இருந்தது கண்ணாடி. கையில் எடுத்தார். எதிரே கொல்லைக் கதவில் ஆன்லின் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னாலேயே கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாதாவின் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

"இங்க காணுமே, அற்புதம்."

வாசலில் ஏதோ மெல்லப் பேசிக்கொள்ளும் சத்தம். பிறகு அவள் குரல் வந்தது. இந்த ஒரு வருஷத்தில் அவர் கேட்டிராத லேசான குரல்.

"பரவால்லங்க, நீங்க தேடி அலையாதீங்க. ஞானம் பெருசு பண்ணிக் காட்டுறாளாம்."